சமச்சீரைக் கையால் செய்துபார்த்துக் குலக் கோட்பாட்டைக் கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலைக் கணித வகுப்பில் குலங்களை (group) முதன்முதலாகக் கற்பிக்கும் ஆசிரியர்களும், மேல்நிலைப் பள்ளிகளில் கணித மன்றம் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வரையறையை முதலில் எழுதிப்போட்டு, பிறகு எடுத்துக்காட்டு தேடும் முறையை விட்டுவிட்டு, மாணவர் ஓர் அட்டைத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் புரட்டி, கணக்கிட்டுக் களைத்து, அந்தக் களைப்பைக் குறைக்கும் வழியாகத் தாமே குலத்தின் விதிகளை வந்தடைய வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு.

வரையறையில் தொடங்கினால் என்ன குறை?

வழக்கமான வகுப்பில் முதல் நாளே கரும்பலகையில் நான்கு விதிகள் ஏறிவிடுகின்றன: அடைவு (எந்த இரண்டை இணைத்தாலும் விடை உள்ளேயே இருக்கும்), சேர்ப்பு (அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாது), சமனி (எதையும் மாற்றாத உறுப்பு), எதிர்மறை (ஒவ்வோர் உறுப்பையும் நீக்கும் உறுப்பு). அடுத்ததாக, முழு எண்கள் கூட்டலின் கீழ் ஒரு குலம் என்று சரிபார்க்கச் சொல்கிறோம். மாணவர் சரிபார்க்கிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். ஆனால் முதல் வகுப்பிலிருந்து அவருக்குப் பழக்கமான கூட்டலைப் பற்றி அந்த நான்கு வரிகள் புதிதாக எதையும் சொல்லவில்லை. அவை ஏன் நான்காக இருக்கின்றன, ஏன் இவையே தேர்ந்தெடுக்கப்பட்டன, பரிமாற்று விதி ஏன் பட்டியலில் இல்லை என்பவை எல்லாம் அவருக்குத் தற்செயலாகவே தோன்றும்.

முக்கோண அட்டையில் தொடங்கினால் நிலைமை வேறு. அங்கே உறுப்புகள் எண்கள் அல்ல, அசைவுகள். 'பெருக்கல்' என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது. வரிசையை மாற்றிச் செய்தால் விடை மாறுவதை மாணவர் கண்ணால் பார்க்கிறார். எனவே பரிமாற்று விதி பட்டியலில் ஏன் இல்லை என்ற கேள்வியே எழுவதில்லை. மாணவர் கணிதத்தை வழிகாட்டுதலுடன் மறுபடி கண்டுபிடிக்க வேண்டும் என்று நெதர்லாந்தின் ஹான்ஸ் பிராய்டென்தால் வலியுறுத்தினார். அந்தச் சிந்தனையைப் பின்பற்றி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீன் லார்சன், சமபக்க முக்கோணத்தின் சமச்சீர்களிலிருந்தே குலம் என்ற கருத்தை மாணவர் உருவாக்கிக்கொள்ளும் ஒரு பாடத்திட்டத்தை வளர்த்தெடுத்தார். எனவே இது ஏதோ பொழுதுபோக்குச் செயல்பாடு அல்ல. கல்லூரி அளவில் ஆராயப்பட்ட வழி.

குலக் கோட்பாடு சமன்பாடுகளிலிருந்து பிறந்தது அல்லவா? வடிவங்களிலிருந்து தொடங்குவது வரலாற்றுக்கு மாறானது ஆகாதா?

ஆம், தொடக்கம் சமன்பாடுகளில்தான். 1770-71இல் லக்ராஞ்சு, சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றினால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். 1832 மே மாதம், இருபது வயதில் இறப்பதற்கு முன் எவாரிஸ்ட் கால்வா எழுதிவைத்தவை 1846இல் ஜோசப் லியூவில் என்ற கணிதவியலாளர் வெளியிட்ட பிறகே கணித உலகை எட்டின. 1854இல் ஆர்தர் கெய்லி, உறுப்புகள் எவையாயினும் பெருக்கல் அட்டவணை ஒன்றே போதும் என்ற பார்வையை முன்வைத்தார். பெலிக்ஸ் கிளைன் 1872இல் வடிவியலையே உருமாற்றக் குலங்களின் வழியாக வகைப்படுத்த முனைந்தார்.

இந்த வரலாற்றில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. வரையறை எங்குமே முதலில் வரவில்லை; இடமாற்றங்களை ஏறத்தாழ நூறாண்டுகள் கையாண்ட பிறகுதான் வந்தது. ஐந்தாம்படிச் சமன்பாட்டை முதல் வாரத்தில் மாணவர் கையில் கொடுக்க முடியாது. முக்கோணத்தைக் கொடுக்கலாம், அதன் ஆறு அசைவுகளும் மூன்று மூலங்களின் ஆறு இடமாற்றங்களும் ஒரே குலம்தான்.

என்னென்ன பொருள்கள் தேவை?

தடித்த அட்டை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனா, ஒரு வெள்ளைத் தாள், செலோடேப். இருவருக்கு ஒரு முக்கோணம் போதும். மூலைகளுக்கு அ, ஆ, இ என்று பெயரிட்டு, ஒவ்வொரு மூலையிலும் முன்பக்கம் எழுதிய அதே எழுத்தைப் பின்பக்கத்திலும் எழுத வேண்டும். அட்டையைத் தாளின் மேல் வைத்து அதன் சுற்றுக்கோட்டை வரைந்து, தாளை மேசையோடு ஒட்டிவிட வேண்டும். தாள் அசையக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். காரணம் கீழே வருகிறது. தாளில் மூன்று இடங்களுக்கும் 'மேல்', 'வலம்', 'இடம்' என்று பெயர் எழுதிவைத்தால், மூலை வேறு, அது நிற்கும் இடம் வேறு என்ற வேறுபாடு முதலிலிருந்தே தெளிவாக இருக்கும்.

முதல் வகுப்பில் என்ன கேட்க வேண்டும்?

ஒரே கேள்வி போதும்: 'அட்டையை எடுத்து, அதே சுற்றுக்கோட்டுக்குள் மறுபடி பொருத்தமாக வைக்க எத்தனை வழிகள் உள்ளன?'

விடைகள் பலவாறாக வரும். மூன்று என்பார் சிலர். புரட்டலாம் என்பது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. ஐந்து என்பார் சிலர். ஒன்றும் செய்யாமல் விடுவதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணற்றவை என்று ஒருவராவது சொல்வார். ஒரு முழுச் சுற்று, இரண்டு முழுச் சுற்று என்று சுற்றிக்கொண்டே போகலாமே என்பது அவர் வாதம். இந்தக் கடைசி விடையைத் தவறு என்று ஒதுக்காமல் வகுப்பின் முன் வைக்க வேண்டும். எந்த இரண்டு அசைவுகளை 'ஒன்று' என்று கொள்வது என்ற முடிவை வகுப்பே எடுக்கட்டும். மூலைகள் எங்கே போய் நின்றன என்பது மட்டுமே கணக்கு, போன பாதை கணக்கில்லை என்று ஒப்புக்கொண்டவுடன் விடை ஆறாகிவிடும். அ என்ற மூலை நிற்க மூன்று இடங்கள், அதன்பின் ஆ நிற்க இரண்டு, இ நிற்க மிஞ்சியது ஒன்று. எனவே ஆறுக்கு மேல் இருக்கவே முடியாது. இது அவர்கள் இந்தப் பாடத்தில் எழுதும் முதல் நிரூபணம்.

ஒன்றும் செய்யாமலிருப்பதை ஓர் அசைவாக ஏற்க மாணவர்கள் தயங்குவார்கள். இப்போதே வற்புறுத்த வேண்டாம். அட்டவணை போடும்போது ஒரு புரட்டலை இருமுறை செய்த விடையை எந்தப் பெயரில் எழுதுவது என்ற நெருக்கடி வரும். அப்போது அவர்களே அதற்குப் பெயர் கேட்பார்கள்.

அட்டவணை போடுவது வெறும் இயந்திர வேலை ஆகிவிடாதா?

பெட்டிகளை நிரப்புவதோடு நிறுத்தினால் ஆகிவிடும். இந்த முறையின் உயிரே அந்த வேலையின் சலிப்பைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் இருக்கிறது.

ஆறு அசைவுகளுக்கு மாணவர்கள் முதலில் தத்தமக்குத் தோன்றிய பெயர்களை வைக்கட்டும். பிறகு, எல்லாவற்றையும் இரண்டே அசைவுகளைக் கொண்டு எழுத முடியுமா என்று கேளுங்கள். வலஞ்சுழியாக 120 பாகை திருப்புவதை 'சு' என்றும், தாளின் செங்குத்துக் கோட்டை அச்சாகக் கொண்டு புரட்டுவதை 'பு' என்றும், மாற்றமின்றி விடுவதை 'நி' என்றும் குறிப்போம். செய்யும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக எழுதுவோம். அப்போது ஆறும் நி, சு, சு², பு, புசு, புசு² என்று அமைந்துவிடும்.

இனி முப்பத்தாறு பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் அட்டையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்து, இரண்டு அசைவுகளைச் செய்து, விளைவைப் பார்த்து எழுத வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளுக்குள் மாணவர்கள் குறுக்குவழி தேடத் தொடங்குவார்கள். சு மூன்று முறை செய்தால் நி. பு இருமுறை செய்தால் நி. இவற்றோடு ஒரே ஓர் உறவை அட்டையைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டால் போதும்: முதலில் திருப்பிப் பிறகு புரட்டுவதும், முதலில் புரட்டிப் பிறகு இருமுறை திருப்புவதும் ஒன்றே, அதாவது சுபு = புசு². இதன்பின் அட்டையைத் தொடாமலே கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, புசு என்ற அசைவை இருமுறை செய்தால் புசுபுசு. நடுவிலுள்ள சுபு என்பதைப் புசு² என்று மாற்றினால் புபுசு²சு. அது புபு, சு³ என்று பிரிந்து நி ஆகிறது. புசு என்பதும் ஒரு புரட்டல்தான் என்று இதனால் தெரிகிறது. அட்டையை எடுத்துச் சரிபாருங்கள். இடப்பக்க மூலை அசையாமல் நிற்கும், மற்ற இரண்டும் இடம் மாறும்.

இப்போது ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி: 'இந்தக் கணக்கில் எந்தெந்த உரிமைகளை எடுத்துக்கொண்டீர்கள்?' அடைப்புக்குறிகளை இடம் மாற்றினோம். நி என்பதை எழுதாமல் விட்டோம். ஓர் அசைவையும் அதை நீக்கும் அசைவையும் சேர்த்து அடித்துவிட்டோம். எந்த விடையும் ஆறுக்கு வெளியே போகாது என்று நம்பினோம். மாணவர்கள் இந்த நான்கையும் தங்கள் சொற்களில் எழுதிய பிறகுதான் கரும்பலகையில் 'குலம்' என்ற சொல் ஏற வேண்டும்.

ஒரே கணக்குக்கு இரண்டு மாணவர்கள் வெவ்வேறு விடை சொல்கிறார்கள். இருவரும் கவனமாகவே செய்திருக்கிறார்கள். என்ன நடக்கிறது?

இது ஏறக்குறைய எல்லா வகுப்புகளிலும் நடக்கும், ஆசிரியர் முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க வேண்டிய இடம்.

தொடக்கத்தில் மேலே அ, வலத்தில் ஆ, இடத்தில் இ நிற்கட்டும். சு செய்தால் அ வலத்துக்கும், ஆ இடத்துக்கும், இ மேலுக்கும் போகும். அடுத்து பு செய்ய வேண்டும். முதல் மாணவர் தாளின் செங்குத்துக் கோட்டை அச்சாகக் கொள்கிறார்: மேலே இ அப்படியே நிற்க, வலத்தில் ஆ, இடத்தில் அ. இரண்டாம் மாணவரோ, 'பு என்பது அ வழியாகச் செல்லும் கோட்டில் புரட்டுவது' என்று மனத்தில் பதித்துக்கொண்டிருக்கிறார். அ இப்போது வலத்தில் நிற்பதால் அந்த மூலையின் வழியாகச் செல்லும் கோட்டில் புரட்டுகிறார்: வலத்தில் அ அப்படியே நிற்க, மேலே ஆ, இடத்தில் இ.

முதலாமவர் அச்சைத் தாளோடு ஒட்டினார். இரண்டாமவர் அட்டையோடு ஒட்டினார். இரண்டாமவருக்குக் கிடைத்த விடை, முதலாமவர் முறையில் முதலில் புரட்டிப் பிறகு திருப்பினால் கிடைக்கும் விடையேதான். இது தற்செயல் அல்ல. அட்டையோடு அச்சு நகர்ந்தால் அட்டவணை முழுவதிலும் நிரைகளும் நிரல்களும் இடம் மாறிவிடும். அதுவும் ஒரு குலமே. ஒரு மாணவர் பெட்டிக்குப் பெட்டி மாற்றி மாற்றிச் செய்யும்போதுதான் அட்டவணை குலைகிறது. ஆகையால் 'நீ செய்தது தவறு' என்று சொல்லிவிடாமல், அச்சு எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று இருவரையும் சொல்லவைத்து, வகுப்புக்குத் தாளோடு ஒட்டிய அச்சே விதி என்று முடிவுசெய்யுங்கள். தாளை மேசையோடு ஒட்டச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: மாணவர் தாளையும் சேர்த்துத் திருப்பிவிட்டால் இரண்டு முறைகளும் கலந்துவிடும்.

பிற்பாடு சார்புகளாக எழுதும்போது வலமிருந்து இடமாகப் படிக்கும் மரபும் வரும். அதை அந்த நாளிலேயே அறிவித்தால் போதும். முதல் வாரத்தில் வேண்டாம்.

சேர்ப்பு விதியை அட்டையைக் கொண்டு எப்படிக் காட்டுவது?

அசைவுகளுக்குச் சேர்ப்பு விதி தானாகவே அமைந்துவிடுகிறது. மூன்று அசைவுகளை அடுத்தடுத்துச் செய்யும்போது எங்கே மூச்சுவிட்டோம் என்பது முடிவை மாற்றாது. அதனாலேயே மாணவருக்கு அது ஒரு விதியாகவே படாது. எனவே அது இல்லாத ஓர் அமைப்பைக் கொடுக்க வேண்டும். கழித்தல் எளியது. அதைவிட நன்றாக வேலை செய்வது 'கல், காகிதம், கத்தரி' விளையாட்டு: இரண்டில் வெல்வதே விடை என்று வைத்துக்கொண்டால் பரிமாற்று விதி பொருந்தும், சேர்ப்பு விதி பொருந்தாது. கல்லும் காகிதமும் மோதினால் காகிதம், அது கத்தரியோடு மோதினால் கத்தரி. காகிதமும் கத்தரியும் முதலில் மோதினால் கத்தரி, அதனோடு கல் மோதினால் கல். இரண்டு விதிகளும் ஒன்றையொன்று சாராதவை என்பது இந்த ஒரு விளையாட்டில் பதிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஓர் உறுப்பு ஒரே ஒரு முறை வருகிறது என்பதை மாணவர்கள் விரைவில் கவனித்து, சுடோகுவைப் போல அட்டவணையை நிரப்பத் தொடங்குவார்கள். அந்தப் பண்பு ஏன் வருகிறது என்று அவர்களை நிறுவச் செய்யுங்கள். எதிர்மறை உறுப்பு இருப்பதே காரணம். ஆனால் அப்படி நிரம்பிய எல்லா அட்டவணைகளும் குலம் ஆகிவிடாது. ஐந்து உறுப்புகளிலேயே சமனி இருந்தும் சேர்ப்பு விதி பொருந்தாத அட்டவணைகள் உண்டு.

இரண்டு குலங்கள் 'ஒன்றே' என்ற கருத்தை எப்போது கொண்டுவரலாம்?

இரண்டாம் வடிவத்திலேயே கொண்டுவரலாம். செவ்வகத்துக்கு நான்கு அசைவுகள்: மாற்றமின்மை, அரைச்சுற்று, நீளவாட்டுப் புரட்டல், அகலவாட்டுப் புரட்டல். சதுரத்தைப் புரட்டாமல் திருப்ப மட்டும் அனுமதித்தால் அங்கும் நான்கு. இரண்டு அட்டவணைகளையும் போட்டு, பெயர்களை மட்டும் மாற்றி ஒன்றை மற்றொன்றாக ஆக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது. செவ்வகத்தில் எதை இருமுறை செய்தாலும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடுகிறோம். சதுரத்தின் கால்சுற்றுக்கு நான்கு முறை தேவை.

அடுத்து, சுவரிலுள்ள ஸ்விட்ச் போர்டைக் காட்டுங்கள். விளக்குக்கு ஒரு ஸ்விட்ச், மின்விசிறிக்கு ஒன்று. எதையும் தொடாமலிருப்பது, விளக்கை மாற்றுவது, விசிறியை மாற்றுவது, இரண்டையும் மாற்றுவது என்ற நான்கு செயல்களின் அட்டவணை செவ்வகத்தினுடையதே. செவ்வகத்துக்கும் ஸ்விட்சுக்கும் வேறு எந்த ஒற்றுமையும் இல்லை. உறுப்புகள் எவை என்பதை விட்டுவிட்டு அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் பார்க்கும் பார்வை, அதாவது ஐசோமார்பிசம், இங்கே சொல் வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. கிளைனின் பெயரால் அழைக்கப்படும் நான்குறுப்புக் குலம் இதுதான் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

லக்ராஞ்சு தேற்றம் வரை இந்த முறை கொண்டுசெல்லுமா?

கொண்டுசெல்லும். தமக்குப் பிடித்த ஓரிரு அசைவுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை மட்டும் மீண்டும் மீண்டும் செய்தால் எத்தனை அசைவுகளுக்குள் அடைபட்டு நிற்கும் என்று மாணவர்கள் பார்க்கட்டும். முக்கோணத்தில் 1, 2, 3, 6 என்ற அளவுகளே வரும். 4, 5 வராது. இப்படித் தமக்குள்ளேயே அடைபட்டு நிற்கும் தொகுதியே உட்குலம்; முடிவுள்ள குலத்தில் உட்குலத்தின் அளவு முழுக்குலத்தின் அளவை மீதியின்றி வகுக்கும் என்பதே லக்ராஞ்சு தேற்றம். சதுரத்தின் எட்டு அசைவுகளில் மொத்தம் பத்து உட்குலங்கள்: ஓருறுப்பு ஒன்று, ஈருறுப்பு ஐந்து, நான்குறுப்பு மூன்று, முழுக்குலம் ஒன்று. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து இந்தப் பத்தையும் தேடவிடுங்கள். எட்டு, ஒன்பது என்று நின்றுவிட்டு மீதியைத் தேடும் அந்த நேரம் வீணல்ல.

வகுபடுவதற்கான காரணத்தை வண்ணம் தீட்டிக் காட்டலாம். உட்குலத்தின் உறுப்புகளுக்கு ஒரு வண்ணம். அந்த உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் பின் உட்குலத்துக்கு வெளியிலுள்ள ஓர் அசைவைச் செய்து கிடைப்பவற்றுக்கு அடுத்த வண்ணம். இப்படியே போனால் எல்லா வண்ணங்களும் சம அளவாக, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் குலத்தை நிரப்பும். முக்கோணத்தில் திருப்பல்கள் மூன்றுக்கு ஒரு வண்ணமும் புரட்டல்கள் மூன்றுக்கு இன்னொன்றும் கொடுத்தால் அட்டவணை நான்கு தெளிவான கட்டங்களாகப் பிரியும். நி, பு என்ற இரண்டை வைத்துத் தொடங்கினால் வண்ணங்கள் கலைந்து தெறிக்கும். இயல்நிலை உட்குலம் (அட்டவணையை இப்படித் தெளிவான கட்டங்களாகப் பிரிப்பது), ஈவுக் குலம் (அந்த வண்ணங்களையே உறுப்புகளாகக் கொண்ட குலம்) ஆகியவற்றுக்கு இதைவிட நேரடியான வாயில் எனக்குத் தெரிந்து இல்லை.

தேற்றத்தின் மறுதலை உண்மையா, அதாவது வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த அளவில் ஓர் உட்குலம் உண்டா என்று யாராவது கேட்டால் நான்முகியை எடுங்கள். அதன் சுழற்சிகள் பன்னிரண்டு. ஆறு உறுப்புள்ள உட்குலம் அதில் கிடையாது.

கோலத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்த வேண்டும்; ஆனால் 'நம் பண்பாட்டில் கணிதம்' என்று ஒரு படத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கோலத்தைத் தாளில் போட்டு, ஒளி ஊடுருவும் தாளில் அதன் படியெடுத்து, மேலே வைத்துத் திருப்பியும் புரட்டியும் எத்தனை நிலைகளில் பொருந்துகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பல புள்ளிக் கோலங்கள் சதுரத்தின் எட்டு அசைவுகளையும் ஏற்கும். சில சிக்குக் கோலங்கள் திருப்பினால் பொருந்தும், புரட்டினால் பொருந்தா.

இருதய கமலம் இவ்வகையில் தனிக் கவனத்துக்கு உரியது. மையத்திலிருந்து எட்டுத் திசைகளில் ஐந்தைந்து புள்ளிகள் வைத்து, முதல் திசையின் 1ஆம் புள்ளியிலிருந்து அடுத்த திசையின் 3ஆம் புள்ளி, அதற்கடுத்ததன் 5ஆம் புள்ளி, பின் 2, பின் 4, மறுபடி 1 என்று சுற்றிக்கொண்டே இணைக்கும் வழக்கமான முறையை எடுத்துக்கொள்வோம். நாற்பது புள்ளிகளையும் தொட்டு, ஒரே கோடு தொடங்கிய இடத்தில் வந்து முடிகிறது. ஏன்? திசைகள் எட்டு அடிக்கு ஒருமுறை திரும்புகின்றன, புள்ளி எண்கள் ஐந்து அடிக்கு ஒருமுறை. 8க்கும் 5க்கும் பொதுக்காரணி இல்லாததால் இரண்டும் சேர்ந்து திரும்ப நாற்பது அடி தேவை. ஒரே உறுப்பை மீண்டும் மீண்டும் செய்தே முழுவதும் கிடைத்துவிடும் குலம் சுழற்குலம்; எட்டுறுப்புச் சுழற்குலமும் ஐந்துறுப்புச் சுழற்குலமும் சேர்ந்து நாற்பது உறுப்புள்ள சுழற்குலமாகும் தேற்றம் வாசலிலேயே வரையப்பட்டிருக்கிறது. திசைகளைப் பத்தாக்கிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒரே கோடு வராது, தனித்தனியான ஐந்து சுற்றுகளாக உடையும். ஆறு திசைகளாக்கினால் மறுபடி ஒரே கோடு. இந்தக் கோலத்தை 45 பாகை திருப்பினால் பொருந்தும்; கண்ணாடியில் பார்த்தால் சுற்றும் திசை மாறிவிடுவதால் பொருந்தாது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை புகழ்பெற்றது. அது கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றியது. குலக் கோட்பாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முடிவுறாக் குலங்களுக்குச் சேலைக் கரைகளை எடுக்கலாம். ஒரு திசையில் திரும்பத் திரும்ப வரும் கரை வடிவங்கள் சமச்சீரில் ஏழே வகைகள். தளம் முழுவதும் பரவும் வடிவங்கள் பதினேழு. பதினேழு என்பதை 1891இல் ரஷ்யாவின் பெதரோவ் நிறுவினார். 1924இல் போயா தனியாக வந்தடைந்தார். ஏழு கரைகளையும் மாணவர்கள் வீட்டுத் துணிகளில் தேடி வரட்டும்.

முப்பரிமாணப் பொருள்களுக்கு எப்போது போகலாம்?

உட்குலங்கள் முடிந்த பிறகு. கனசதுரத்தின் சுழற்சிகளை எண்ணச் சொன்னால் மாணவர்கள் தடுமாறுவார்கள். எந்த முகம் கீழே என்பதற்கு ஆறு வழி, அதன்பின் எந்தப் பக்கம் முன்னால் என்பதற்கு நான்கு, ஆக 24 என்று எண்ணுவது நல்லது. பிறகு ஓர் அட்டைப் பெட்டியின் எட்டு மூலைகளில், நேர் எதிரெதிர் மூலைகள் இரண்டுக்கும் ஒரே வண்ணமாக, நான்கு வண்ணங்களில் பொட்டு வையுங்கள். எந்த முகத்தைப் பார்த்தாலும் நான்கு வண்ணங்களும் ஒவ்வொரு முறை இருக்கும். பெட்டியைத் திருப்பத் திருப்ப மேல்முகத்தின் வண்ண வரிசை மாறும். 24 சுழற்சிகளுக்கும் 24 வெவ்வேறு வரிசைகள், ஒன்றும் விடுபடாமல். கனசதுரத்தின் சுழற்சிக் குலமும் நான்கு பொருள்களின் இடமாற்றக் குலமும் ஒன்றே என்பதை ஒரு பிஸ்கட் பெட்டி நிறுவிவிடுகிறது.

ரூபிக் கனசதுரத்தில் தொடங்கினால் மாணவர்களுக்கு ஆர்வம் கூடுமே?

ஆர்வம் கூடும், அட்டவணை போட முடியாது. அதன் நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000. எனவே தொடக்கத்துக்கு அது ஏற்றதல்ல. உறுப்பின் வரிசை (ஓர் அசைவை எத்தனை முறை செய்தால் தொடக்க நிலைக்குத் திரும்பும் என்ற எண்) என்ற கருத்துக்கோ அது அருமையான கருவி. வலப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் மாறி மாறி வலஞ்சுழியாகக் கால்சுற்று திருப்பிக்கொண்டே இருந்தால், அந்த இணை 105 முறை நிகழ்ந்த பிறகே கனசதுரம் பழைய நிலைக்கு வரும். வலம், மேல், பின் வலத்தை எதிர்த்திசை, மேலை எதிர்த்திசை என்ற நான்கையும் ஒரு தொகுப்பாகச் செய்தால் ஆறே முறையில் வந்துவிடும். பரிமாற்று விதி பொருந்தியிருந்தால் இந்தத் தொகுப்பு ஒன்றுமே செய்திருக்காது. அது எவ்வளவு கலைக்கிறது என்பதே இரண்டு அசைவுகளும் எவ்வளவு பரிமாறாதவை என்பதைக் காட்டுகிறது.

எண்ணுதல் கணக்குகளோடு இதை இணைக்க முடியுமா?

வளையல் கோப்பது நல்ல வழி. நான்கு மணிகள், இரண்டு வண்ணங்கள். திருப்பினால் ஒன்றாகும் வளையல்களை ஒன்றென்று கொண்டால் எத்தனை? கோத்துப் பார்த்தால் ஆறு. ஒவ்வொரு திருப்பலும் மாற்றாமல் விடும் அமைப்புகளை எண்ணிச் சராசரி எடுத்தால் (16+2+4+2)÷4, அதுவும் ஆறு. புரட்டலையும் அனுமதித்தால் நான்கு மணிகளில் விடை மாறாது. ஆறு மணிகளில் 14 என்பது 13 ஆகும். எந்த இரண்டு வளையல்கள் ஒன்றாயின என்று மாணவர்கள் கையில் வைத்துக் காட்ட வேண்டும். பர்ன்சைடு பெயரால் வழங்கும் இந்தத் துணைத்தேற்றம் அவருக்கு முன்பே கோஷி, புரோபேனியஸ் ஆகியோரிடம் உள்ளது.

பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு இந்த முறை பொருந்துமா?

மிகவும் பொருந்தும். சுற்றுக்கோட்டுக்குப் பதில் தடித்த அட்டையில் முக்கோணப் பள்ளம் வெட்டி மேசையோடு ஒட்டுங்கள். மூலைகளில் எழுத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று வெட்டுகள் இருக்கட்டும். வெட்டு இருபுறமும் தெரியும் என்பதால் பின்பக்கம் தனியாகக் குறிக்கவும் தேவையில்லை. இந்த அமைப்பை எல்லா மாணவர்களுக்குமே கொடுக்கலாம்.

வேதியியல் மாணவர்களுக்கு இதில் பயன் உண்டா?

நேரடியாகவே உண்டு. நீர் மூலக்கூறின் நான்கு சமச்சீர்ச் செயல்கள் செவ்வகத்தின் அட்டவணையையும், அம்மோனியாவின் ஆறும் முக்கோணத்தின் அட்டவணையையும் தருகின்றன. பந்தும் குச்சியும் கொண்ட மாதிரியை ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்து அச்சும் தளமும் எங்கே என்று காட்டினால், நிறமாலைப் பாடத்தில் பின்னர் வரும் அட்டவணைகளை அவர்கள் பொருள் தெரிந்து படிப்பார்கள்.

அட்டையை எப்போது கீழே வைப்பது? தேர்வில் நிரூபணம்தானே கேட்பார்கள்?

மாணவர் தம் கணக்கைச் சரிபார்க்க மட்டுமே அட்டையை எடுக்கிறார் என்ற நிலை வந்தவுடன் வைத்துவிடலாம். அதற்கு மேல் நீட்டினால், குலம் என்றாலே வடிவங்களின் அசைவு என்ற குறுகிய எண்ணம் ஊன்றிவிடும்; அணிகள், மட்டு எண்கணிதம் எல்லாம் அந்நியமாகத் தோன்றும். நிரூபணங்களை எழுதவைப்பதில் தளர்ச்சி காட்டவும் கூடாது. சமனி ஒன்றே ஒன்றுதான், எதிர்மறை ஒன்றே ஒன்றுதான் என்ற இரண்டும் அட்டையில் 'தெரிகின்றன'. ஏன் என்பதை விதிகளை மட்டும் கொண்டு எழுதும்போதுதான் அவை எல்லாக் குலங்களுக்கும் உரியவை ஆகின்றன.

மாறுதலுக்கு நான் பரிந்துரைக்கும் கணக்கு இது: 1 முதல் 6 வரையுள்ள எண்களை 7இன் மட்டில் (7ஆல் வகுத்த மீதியை மட்டும் எடுத்து) பெருக்கி அட்டவணை போட்டு, அது முக்கோணத்தின் ஆறு அசைவுகளோடு பொருந்துகிறதா, அறுகோணத்தின் ஆறு திருப்பல்களோடு பொருந்துகிறதா என்று காரணத்துடன் எழுதச் சொல்லுங்கள். பரிமாற்று விதி பொருந்துவதால் முக்கோணம் விலகிவிடும். 3இன் அடுக்குகள் 3, 2, 6, 4, 5, 1 என்று ஆறையும் தொட்டுவருவதால், 3க்கு 60 பாகைத் திருப்பலை இணையாக வைத்து முழுப் பொருத்தத்தையும் எழுதிவிடலாம். 5ஐத் தேர்ந்தாலும் முடியும், 2ஐத் தேர்ந்தால் முடியாது என்று விளக்கத் தெரிந்த மாணவருக்கு அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.